நான் விடச் சொன்ன பாடம்

"நீ படிச்சது கணக்கியல். சயன்ஸ் பத்தி உனக்கு என்னம்மா தெரியும்?" என்று பக்கத்து வீட்டுக் கவிதாவின் அப்பா, அவள் பாடம் தேர்ந்தெடுத்த அன்றே என்னைக் கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். மாசாய் நகரில் எங்கள் அடுக்குமாடியில் யாருக்கு எந்த விண்ணப்பப் பாரம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். கவிதாவும் உயர்நிலைப் பள்ளியின் நான்காம் படிவப் பாடங்களைத் தேர்ந்தெடுக்க என்னிடம்தான் வந்திருந்தாள்.

"கெமிஸ்ட்ரி கஷ்டம்லா, விட்டுரு. பயோலஜி இருந்தா போதும்," என்றேன். ஆசிரியரைக் கேட்கக்கூட விடவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து, பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வந்ததும், அவள் ஆசைப்பட்ட மருந்தியல் டிப்ளோமாவுக்கு விண்ணப்பித்தாள். தகுதி இல்லை என்று பதில் வந்தது. கைப்பேசியோடு ஓடிவந்தாள்.

"அக்கா, நான் ஏதாச்சும் தப்பா அமுக்கிட்டேனா? நீங்க பாருங்களேன்."

நிபந்தனையைப் படித்தேன். வேதியியல் கட்டாயம். படித்த பிறகும் அந்தப் பக்கத்தை மறுபடி மறுபடி திறந்து பார்த்தேன். நான் சரிசெய்துவிடுவேன் என்று அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீ ஒன்னும் தப்பு பண்ணல. நான்தான் பண்ணேன்," என்றேன்.

அவள் அப்பா திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "இப்ப என்னம்மா செய்யலாம்?" என்று அவர் என்னையே கேட்டார்.

"தெரியலண்ணே." அந்த வார்த்தையை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

கவிதாவின் ஓர் ஆண்டை என்னால் திருப்பித் தர முடியாது. மறுநாள் விடுப்பு எடுத்து, அவளோடு பள்ளிக்குப் போய் ஆலோசக ஆசிரியரைப் பார்த்தேன். வேதியியலை மட்டும் தனித் தேர்வராக எழுதலாம் என்றார். சென்ற வாரம் பதிவு செய்துவிட்டோம்.