இரவல் உறைமோர்

சேலத்துப் பக்கம் இளம்பிள்ளையில் எங்கள் தறிகளுக்குச் சேலை டிசைன் போட்டுத் தந்தவர் அவர். ஒல்லியான உடம்பு, தூக்கம் காணாத கண்கள். தன் கணினியில் ஓடும் ஒவ்வொரு மென்பொருளையும் மூல நிரலிலிருந்து தானே கட்டியெழுப்பியவர். எனக்கு அது வீண்பிடிவாதமாகவே பட்டது. வேலை ஓடும்போது, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைப் போல அந்தக் கணினிப் பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்.

அன்று கல்யாணச் சேலை டிசைன் வராமல் என் தறிகள் நின்றிருந்தன. டிசைன் நிரலுக்குத் தேவையான புதிய கணினி மொழியை நிறுவ முடியாமல் அவர் தவித்துக்கொண்டிருந்தார்.

"இந்த மொழியைப் பெட்டிக்குப் புரிய வைக்கற கம்பைலரைக் கட்டறதுக்கு அதே கம்பைலர் வேணுமாமுங்க. தயிருக்கு உறை ஊத்தத் தயிர் கேக்குதுங்க."

"பக்கத்து ஊட்டுல உறைமோர் வாங்கறதில்லீங்களா? நெட்டுல ரெடியா இருக்கறதை இறக்கிக்கோங்க. கல்யாண ஊட்டுக்காரங்களுக்கு நான் என்னங்க பதில் சொல்றது?"

"இதுக்குள்ள அடுத்தவங்க கட்டுனது ஒண்ணுகூட இல்லீங்களே" என்றார், கெஞ்சுவதுபோல.

நான் அசையவில்லை. அவர் தலைகுனிந்தபடி இறக்கினார். மாலைக்குள் டிசைன் வந்தது, தறிகள் ஓடின.

அதன்பின் எத்தனையோ முறை அவரிடம் போயிருக்கிறேன். வேலை ஓடும்போது அந்தப் பெட்டியின்மேல் அவர் கை வைத்து நான் பார்க்கவேயில்லை.