கேப்டன் கிருபாசங்கரின் பதினொரு பக்கம்

விமானிகள் என்றால் மேகம், சூரியோதயம் என்று பேசுவார்கள் என நினைப்பவர்கள், சின்னியம்பாளையத்தில் நாங்கள் டீ குடிக்கும் பேக்கரிக்கு ஒரு நாள் வர வேண்டும். பணி இல்லாத நாளில் நாலைந்து பேர் அங்கே கூடுவோம். பேச்சு ரோஸ்டரில் ஆரம்பிக்கும். யார் என்றைக்கு எங்கே பறக்க வேண்டும் என்று கம்பெனி போடும் பட்டியல் அது. அதைத் திட்டி முடித்ததும் எங்களைக் கூட்டிப்போக வரும் காரின் ஏசி, தங்கவைக்கும் ஓட்டலின் உப்புமா, விமானத்தில் தரும் பெட்டிச் சாப்பாடு. இவ்வளவு சம்பளம் வாங்கிக்கொண்டு உப்புமாவுக்கு அழும் கூட்டம் உலகத்தில் வேறு எங்கும் இருக்காது. நானும் அதில் ஒருவன்தான். பெயர் முஜீப், உக்கடத்துக்காரன்.

கூட்டத்துக்குத் தலைவர் கேப்டன் கிருபாசங்கர். சொந்த ஊர் சோமனூர், நாற்பத்தேழு வயது, இருபத்திரண்டு வருடப் பறப்பு. முதல் வாய் டீ உள்ளே போகும் முன்பே ஆரம்பித்துவிடுவார்.

“ஏனுங்க முஜீபு, இதெல்லாம் ஒரு பொழப்புங்களா? காலைல டெல்லி, மத்தியானம் புனே, முதுகும் போச்சு, காதும் போச்சு. எங்கூட்டு எருமை இதைவிட நிம்மதியாத் தூங்குதுங்க.”

அவர் வீட்டில் எருமையே கிடையாது. கேட்டால் அதற்கும் ரோஸ்டரைத்தான் காரணம் சொல்வார் என்பதால் நான் கேட்டதில்லை.

ஆனால் நான் துணை விமானியாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து பறந்த காலம் உண்டு. கதவு சாத்தும் வரை புலம்பல். சக்கரம் தரையை விட்டதும் ஆளே மாறிவிடுவார். மேற்கே பாலக்காட்டுக் கணவாய் தெரியும்போது, பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்த பிள்ளை மாதிரிக் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்ப்பார். இறங்கி, பையைத் தோளில் மாட்டியதும் புலம்பல் விட்ட இடத்திலிருந்து தொடரும். பிறகு ஏன் இந்தப் புலம்பல் என்று ஒரு முறை நேரடியாகவே கேட்டுவிட்டேன்.

“எங்கப்பன்கிட்டக் கத்துக்கிட்டதுங்க” என்றார். அப்பா பொங்கியண்ணன் சோமனூரில் நாற்பது விசைத்தறி வைத்திருந்தவர். “நாப்பது தறியும் ஓடற சத்தத்துக்கு நடுவுல நின்னுட்டு, வர்றவங்ககிட்ட ‘டல்லுங்க, ஒண்ணுஞ் சரியில்லீங்க’ம்பாரு. நல்லா ஓடுதுன்னு வாயத் தொறந்து சொன்னா கண்ணு பட்டு நின்னு போயிருமாமுங்க.”

எனக்கு இது புதிதில்லை. பெருநாளுக்கு முந்தின வாரம் ஒப்பணக்காரத் தெருவில் எங்கள் கடையில் கால் வைக்க இடமிருக்காது. அப்போதும் என் அத்தா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு “இந்த வருசம் யாவாரமே இல்லப்பா” என்பார். எங்கள் ஊரில் யாராவது வேலையைப் பாராட்டிப் பேசினால், அவனுக்கு உடம்புக்கு என்னவோ என்று பயந்துவிடுவோம்.

வருடா வருடம் கம்பெனி ஒரு படிவம் அனுப்பும். வேலையில் திருப்தியா, குறை என்ன என்று கேட்கும். எல்லோரும் ‘திருப்தி’ என்று அழுத்திவிட்டுப் போய்விடுவோம். அதை யாரும் படித்ததாகச் சரித்திரம் இல்லை. இந்த வருடம் கிருபாசங்கருக்கு மூன்று நாள் சேர்ந்தாற்போல் ஓய்வு கிடைத்தது. உட்கார்ந்து பதினொரு பக்கம் எழுதிவிட்டார். ஏழாம் பக்கம் முழுக்க ஓட்டல் தலையணை பற்றி. பேக்கரியில் அதை அவர் வாசிக்க, நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அப்போதுதான் மேலாளராக வந்திருந்தார் பூஜிதா, சென்னைப் பெண். அவர் செய்த ஒரே தப்பு, பதினொரு பக்கத்தையும் படித்ததுதான்.

இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது. கிருபாசங்கர் ஹைதராபாத் பயிற்சி மையத்தில் வகுப்பெடுக்க வேண்டும். காலை ஒன்பது முதல் மாலை ஐந்தரை வரை. அதே சம்பளம், ஞாயிறு விடுமுறை, தினமும் தன் வீட்டுத் தலையணை. பறக்க மட்டும் வேண்டாம். பதினொரு பக்கத்துக்கும் ஒரே மருந்து.

அன்றைக்குப் பேக்கரியில் அவர் எதையுமே குறை சொல்லவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

“பறக்க உட மாட்டாங்களாமுங்க முஜீபு” என்றார். டீயில் ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

கிருபாசங்கரை இழுத்துக்கொண்டு பூஜிதாவிடம் போனேன். அவர் கோபப்படவில்லை.

“சார், நீங்க கஷ்டப்படறதா நீங்களே எழுதியிருக்கீங்க. இதுக்கப்புறமும் உங்களப் பறக்க அனுப்பி ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பதில் சொல்றது?”

“அது சும்மா எழுதினதுங்க.”

“பதினொரு பக்கமா?”

பூஜிதா அந்தப் பதினொரு பக்கத்தையும் எடுத்து மேசையில் வைத்தார்.

“சரி, இந்த வேலை பிடிச்சிருக்கு, பறக்கணும்னு ஒரே ஒரு வரி எழுதி வெள்ளிக்கிழமைக்குள்ள குடுங்க, உத்தரவ நிறுத்திடறேன். ஆனா வீட்ல பேசிட்டு எழுதுங்க. உங்க மனைவி நேத்து போன் பண்ணி எனக்கு நன்றி சொன்னாங்க, அழுதுட்டே.”

பதினொரு பக்கம் எழுதிய கைக்கு அந்த ஒரு வரி வரவில்லை. பேக்கரியில் ஒரு மணி நேரம் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். பிறகு, “நீங்களும் ஊட்டுக்கு வாங்க. தனியாப் போக எனக்குத் தைரியமில்லீங்க” என்றார். இருநூறு பேரை ஏற்றிக்கொண்டு புயல் மழையில் விமானத்தை இறக்கிய மனுஷன் இவர்.

காளப்பட்டி வீட்டில் அவர் மனைவி சண்முகப்பிரியா சிரித்த முகமாக வந்தார். கணவருக்குத் தரையில் ஒரு வேலை கிடைக்க வேண்டும் என்று மூன்று வருடமாக வெள்ளிக்கிழமை விரதம் இருந்தவர். “கோனியம்மன் கண்ணத் தொறந்துட்டாங்கண்ணா. இனியாவது இவரு ராத்திரில தூங்குவாருங்க” என்று என்னிடம் சொன்னார். ஹைதராபாத்தில் வீடுகூடப் பார்த்தாயிற்றாம். கைபேசியில் சமையலறைப் படத்தைக் காட்டினார்.

“அம்மணி,” என்றார் கிருபாசங்கர். “எனக்கு இந்த வேலை புடிச்சிருக்குது.”

“எது, ஹைதராபாத்துங்களா?”

“பறக்கறது. எப்பவுமே புடிச்சுத்தான் இருந்துச்சு.”

சண்முகப்பிரியா கைபேசியைக் கீழே வைத்தார். விரல் விட்டு ஏதோ கணக்குப் போட்டார்.

“அப்ப எந்தம்பி கல்யாணத்தப்ப? இணைச்சீர்ச் சடங்குக்குக் கூடப் பொறந்தவளா நான் நின்னேன், நீங்க வரலை. பிரான்சுல இருந்து புது பிளேன் எடுத்துட்டு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தறாங்கன்னு சொன்னீங்களே?”

“நாந்தான் கேட்டு வாங்கிப் போனேன். புத்தம் புதுசு அம்மணி. சீட்டுல பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்கலை.”

அந்த நேரத்தில் பிளாஸ்டிக் கவரைச் சொல்லியிருக்க வேண்டாம். எனக்கே அவரை அறைய வேண்டும் போலிருந்தது.

சண்முகப்பிரியா சத்தம் போடவில்லை. கோபத்திலும் அவருடைய ‘ங்க’ போகவில்லை, அதுதான் கேட்கச் சங்கடமாக இருந்தது.

“இருவது வருசமா உங்களப் பாவம்னு நெனச்சுட்டு இருந்தனுங்க. இந்த மனுசன் படற பாட்டுக்கு நம்ம கஷ்டத்த வேற எதுக்குச் சொல்றதுன்னு, வாயத் தொறந்து ஒரு கொறை சொன்னதில்லீங்க. இந்த ஊட்டுக்கான பொலம்பல் மொத்தத்தையும் நீங்களே பொலம்பிப் போட்டீங்க.”

கிருபாசங்கர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“இருங்க. புள்ள கைக்கொழந்தையா இருந்தப்ப எனக்கு ஸ்கூல்ல டீச்சர் வேலை கெடச்சு ஒரு வருசம் போனனுங்களே, ஞாபகம் இருக்குதுங்களா? நீங்க எப்ப வருவீங்க, எப்பப் போவீங்கன்னு தெரியாமத்தான் அதை உட்டேன். எட்டாங்கிளாசுக்குக் கணக்கு எடுத்தேன். எனக்கும் அந்த வேலை ரொம்பப் புடிச்சிருந்துச்சுங்க.”

அது பிடித்திருந்தது என்று கிருபாசங்கருக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இருபது வருடத்தில் கேட்டதில்லை, கேட்க நேரமிருந்ததில்லை, தன்னுடையதையே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு என் வீட்டு ஞாபகம் வந்தது. என் மனைவி ரம்ஷாவுக்கு என்ன குறை என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

சண்முகப்பிரியா உள்ளே போய் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தார்.

“அந்த ஒரு வரிய எழுதுங்க. போய்ப் பறங்க. நான் குறுக்க நிக்கலீங்க.”

எழுதினார். எழுத்து கோணலாக இருந்தது. நான் மெல்ல எழுந்தேன்.

“அண்ணா, நீங்களும் உக்காருங்க. சாட்சிக்கு ஆள் வேணும்.” தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுக் கணவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “இனி நாஞ் சொல்றேன், நீங்க கேளுங்க. கல்யாணமான மொத வருசத்துல இருந்து வாரேன்.”

விளக்கு வைக்கும் நேரத்துக்கு நான் கிளம்பியபோது, சண்முகப்பிரியா நாலாவது வருடத்தில் இருந்தார். கிருபாசங்கர் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.