புதுச் செயின் மாட்டிய வியாழக்கிழமை

எங்கள் வீட்டுக் கொட்டகையின் தகரக் கதவில், உள்பக்கமாக, அண்ணன் சிவப்புப் பெயிண்டால் எழுதியிருப்பது இது: "புது செயின் மாட்டியது. ஐப்பசி கடைசி வியாழன். கூட இருந்தது கண்ணாயிரம்."

ஆண்டு குறிக்கப்படவில்லை. அண்ணன் மறைந்த தமிழ் ஆண்டுக்கு முந்தைய ஆண்டின் ஐப்பசி அது என்பதை என் அலுவலக விடுப்புப் பதிவைக் கொண்டு உறுதி செய்தேன். அன்று நான் விடுப்பு எடுத்துக்கொண்டு காலையிலிருந்து அண்ணனோடுதான் இருந்தேன். கதவில் என் பெயர் இல்லை.

அண்ணன் பிறந்தது ஆற்காட்டுக்கு அருகில், எங்கள் தாய்மாமன் வீட்டில். வளர்ந்தது பாலாற்றில் விரிஞ்சிபுரத்துக்கு அக்கரையில் உள்ள எங்கள் ஊரில். பத்தாம் வகுப்பு படிக்கும்போது அப்பா இறந்துவிட, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மூட்டை ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தார். என்னைக் கல்லூரி வரை படிக்க வைத்தது அந்தச் சம்பளம்தான். பிறகு டிராக்டர் ஓட்டினார். பிறருடைய அறுவடை வண்டிகளை ஓட்டினார். கடைசியில் வங்கிக் கடனில் சொந்தமாக ஒன்று வாங்கினார். சக்கரம் இல்லாமல், இரண்டு அகன்ற ரப்பர் பட்டைகளின் மேல் ஓடும் நெல் அறுவடை இயந்திரம். அந்தப் பட்டையை எங்கள் பக்கம் செயின் என்பார்கள். வண்டிக்கும் செயின் வண்டி என்றே பெயர்.

அதன் பிறகு ஊரில் நான் யார் வீட்டுக்குப் போனாலும், "செயின் வண்டிக்காரர் தம்பியா?" என்றுதான் கேட்டார்கள். சுற்றுவட்டாரக் கோயில் கல்வெட்டுகளை ஊர் ஊராகப் போய்ப் படியெடுத்து வைத்திருப்பவன் நான். அதைக் கேட்டவர் எவருமில்லை.

அந்த ஐப்பசிக்கு முந்தைய குறுவை அறுவடையில் அண்ணன் வண்டியின் பழைய செயின் கிழிந்தது. உள்ளே இருந்த இரும்புக் கம்பிகள் வெளியே தெரிந்தன. சம்பா அறுவடைக்குள் புதிது மாட்டாவிட்டால் வெளியூர் வண்டிகள் இறங்கிவிடும். வாடிக்கைக்காரர்கள் ஒருமுறை கைமாறினால் திரும்புவது கஷ்டம். எந்தச் செயின் வாங்குவது என்று வேலூரில் வேலையிலிருக்கும் எனக்குப் போன் செய்து கேட்டார். வண்டி விஷயத்தில் அண்ணன் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒரு வாரம் படித்தேன். இயந்திரக் கையேட்டைப் பார்த்தேன், இரண்டு மெக்கானிக்குகளிடம் விசாரித்தேன்.

அகலமும் கண்ணி எண்ணிக்கையும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. யோசிக்க வேண்டியது பல்லைப் பற்றி. செயினின் வெளிப்புறத்தில் துருத்திக்கொண்டிருக்கும் ரப்பர் கட்டைகளே பல். உயரமான பல் உளைச் சேற்றைக் கவ்விப் பிடிக்கும். ஆனால் தார்ச்சாலையிலும் மணலிலும் சீக்கிரம் பிய்ந்துபோகும், வண்டியும் அதிரும். குட்டையான, நெருக்கமான பல் பாதையில் நீடித்து உழைக்கும். ஆழமான சேற்றில் நின்றுவிடும். அண்ணன் லாரியில் ஏற்றாமல் வயலுக்கு வயல் வண்டிப்பாதையிலேயே ஓட்டிப் போகிறவர். வயல்களில் பெரும்பாலானவை பாலாற்றங்கரை மணற்பாங்கு. எனவே குட்டைப் பல்தான் என்று அந்த வியாழக்கிழமை வேலூர் பைபாஸ் செயின் கடையில் வைத்து விளக்கமாகச் சொன்னேன். அண்ணன் பொறுமையாகக் கேட்டார். பிறகு கடை வாசலுக்குப் போய்ப் போனில் பேசிவிட்டு வந்தார்.

"யாருக்குண்ணா?"

"கண்ணாயிரத்துக்கு. வர்றான்."

கண்ணாயிரம் பக்கத்து ஊர்க்காரர். அண்ணனுக்குப் போட்டியாகச் செயின் வண்டி ஓட்டுகிறவர்; ஏரியோரத்து ஆழச்சேற்று வயல்கள் பெரும்பாலும் அவரிடம்தான். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

கண்ணாயிரம் பைக்கில் வந்து இறங்கினார். இரண்டு செயினையும் காலால் தட்டினார். "சார் இன்னா சொல்றாரு?" என்றார் என்னைப் பார்த்து.

"அவன் படிச்சதச் சொல்றான். நீ சொல்லு," என்றார் அண்ணன்.

"ரோட்ல ஜாஸ்தி ஓட்டறவன் நீ. உயரப் பல்லு வேணாம்ணா. அதுவும் இல்லாம, அதப் போட்டுக்கினா நீ ஏரி வயலுக்குள்ள வந்துருவ. எனக்குப் பேஜாரு."

"அப்ப சின்னப் பல்லே கட்டிருப்பா," என்றார் அண்ணன் கடைக்காரரிடம்.

"நானும் அதான சொன்னேன்?" என்றேன். "பாத்தியாண்ணா, ஏரி வயல் மொத்தமும் தனக்கு வரணும்னு சொல்றாரு."

"வரட்டும்டா. நான் சேத்துல மாட்டிக்கினா இழுக்க வர்றவன் அவன். நீ வேலூர்லருந்து கயிறு எடுத்துக்கினு வருவியா?"

கண்ணாயிரம் சிரித்தார். கடைக்காரரும் சிரித்தார்.

சேற்றில் இறங்கிவிட்ட வண்டியைப் பக்கத்து வண்டிக்காரர் வந்து இழுத்துவிடுவது இந்தத் தொழிலில் வழக்கம். போட்டியாளரானாலும் வர வேண்டும், கூலி கேட்பதில்லை. எனவே இழுக்கப்போகிறவரைக் கேட்டுத்தான் செயின் வாங்குவார்கள். இதை எந்தக் கையேட்டிலும் நான் படிக்கவில்லை. அந்த மார்கழியில் ஏரி ஓரத்து வயல் ஒன்றில் அண்ணன் மாட்டிக்கொள்ள, கண்ணாயிரம் இழுத்துவிட்டார். அதை அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் அங்கே இல்லை. அந்தச் சிரிப்பில் எனக்குப் பங்கு இல்லாதது இன்றும் உறுத்துகிறது.

அடுத்த ஆண்டு புரட்டாசியில் அண்ணனுக்குச் சிறுநீரகம் பழுதானது. வேலூர் மருத்துவமனையில் அண்ணியும் நானும் முறைவைத்து உடனிருந்தோம். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் அண்ணன் கண்ணாயிரத்துக்குத்தான் போன் போட்டு, தன் வண்டியின் செயின் தொய்வு சரியாக இருக்கிறதா என்று கேட்பார். தை பிறந்து மூன்றாம் நாள் அண்ணன் மறைந்தார். அண்ணன் அறுத்துத் தருவதாக ஒத்துக்கொண்டிருந்த ஆற்றோர வயல்கள் அனைத்தையும், தன் வண்டியை ஆளிடம் விட்டுவிட்டு, அண்ணன் வண்டியில் ஏறிக் கண்ணாயிரமே அறுத்து முடித்தார்.

இரவும் பகலும் கவனித்த செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்த அண்ணியின் தம்பிமார்களுக்கும், ஊர் மக்களுக்கும் இந்த நினைவுக் குறிப்பின் வழியே எங்கள் குடும்பத்தின் நன்றி. கண்ணாயிரத்துக்கு நன்றி சொல்வது எனக்கு எளிதாக இல்லை; ஆனாலும் சொல்கிறேன்.

பதினாறாம் நாள் காரியத்தன்று கை கழுவுமிடத்தில் அவர் என்னிடம் சொன்னார்: "சார், அன்னிக்குக் கடைலருந்து போன் பண்ணப்பவே அண்ணன் சொல்லிட்டாரு. தம்பி சின்னப் பல்லுன்றான், அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும், நீ வந்து ஒரு பார்வ பாத்துட்டுப் போன்னு."

அண்ணன் இப்படிச் சொன்னதற்குக் கண்ணாயிரத்தின் வாய்மொழியைத் தவிர வேறு சான்று இல்லை. துக்க வீட்டில் ஆறுதலுக்காகச் சொன்னதாகவும் இருக்கலாம். அண்ணியைக் கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. உறுதி செய்யப்படாத தகவல் என்ற குறிப்போடு இங்கே பதிகிறேன்.