பந்தல்காரனுக்கு ஒரு கோட்டு

காஞ்சிபுரத்தில் என் பந்தலுக்குக் கீழே ஒரு வேளையாவது சாப்பிடாத ஆள் இருந்தால் கூட்டி வாருங்கள், பார்க்கிறேன். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, கட்சிக் கூட்டம், கோயில் அன்னதானம், சாவு, காரியம், எல்லாத்துக்கும் என் தார்ப்பாய்தான். அஞ்சாம் கிளாஸைத் தாண்டாதவன் நான். பாலாற்றங்கரையில் கழனி வேலை பார்த்த குடும்பம். சவுக்குக் கட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு இந்த ஊருக்குள் வந்தேன். இன்றைக்குச் செவிலிமேட்டில் மாடி வீடு, பக்கத்திலேயே குடோன், வாசலில் மினி லாரி. ஒரு இன்ஜினியரும் எனக்கு அளவு சொல்லித் தந்ததில்லை. தெருவை ஒரு தடவை நடந்து பார்த்தால் போதும், கட்டை எங்கே, கயிறு எங்கே, காத்து எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவேன்.

ஊருக்கே வெயிலும் மழையும் படாமல் துணி கட்டினவனுக்குத் தன் உடம்புக்கு ஒரு துணி தேறவில்லை. அந்த வயிற்றெரிச்சலைத்தான் எழுதுகிறேன்.

போன ஐப்பசி மழையில் பாலாற்றுப் பாலம் தாண்டி என் பைக் வழுக்கியது. பெரிய அடி ஒன்றும் இல்லை. முழங்கையும் தோளும் சிராய்த்தது, அவ்வளவுதான். நானே எழுந்து, நானே வண்டியை நிமிர்த்தி, நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். சட்டையில் ரத்தத்தைப் பார்த்ததும் என் வீட்டுக்காரி வண்டிப் பக்கம் போனாள். சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“இனிமே கார்ல போ.”

“கார் எங்க போவும்? தெருவை அடைச்சுத்தானே பந்தலே போடறேன்.”

“அப்போ நடந்து போ.”

என் மகன் இதற்காகவே காத்திருந்தவன் மாதிரி வந்தான். காலேஜ் படித்தவன். “நைனா, நீ எதுக்குப் போவணும்? வீட்ல உக்காந்துக்கினு போன்ல சொல்லு. மேஸ்திரி செய்யப் போறாரு.”

“காத்து எப்படி அடிக்குதுன்னு போன்ல தெரியுமாடா?”

இந்தத் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மழை வந்தால் ஊரே வீட்டுக்குள் ஓடும். பந்தல்காரன் வெளியே ஓட வேண்டும். தார்ப்பாயில் தண்ணீர் தேங்கித் தேங்கி எருமை வயிறு மாதிரி தொங்கும். அதைக் கட்டையால் மெதுவாக முட்டித் தள்ளிவிட வேண்டும். காத்து சேர்ந்துகொண்டால் ஒரு பக்கத்துக் கயிற்றைத் தளர்த்த வேண்டும். எந்தப் பக்கம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தப்பான கயிற்றை அவிழ்த்தால் பந்தல் பக்கத்துத் தெருவில் போய் விழும். இத்தனை வருஷமாக அந்தக் கயிற்றைக் காட்டுகிற விரல் என்னுடையது. வண்டி போனால் அதுவும் போகும். நான் திண்டில் சாய்ந்து டி.வி. பார்க்கிற ஆளாகிவிடுவேன். என் வயசுக்காரர்கள் அப்படி உட்கார்ந்ததும் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் காரியத்துக்கும் நான்தானே பந்தல் போட்டேன்.

மூணு நாள் முறைத்துக்கொண்டு இருந்த பிறகு அவளே இறங்கி வந்தாள். டி.வி.யில் எவனோ மலை மேல் பைக் ஓட்டுவதைப் பார்த்திருக்கிறாள். “தோ, அது மாதிரி தோள்ல, கை முட்டியில திண்டு வெச்ச கோட்டு போட்டுக்கினு போறதா இருந்தா சாவி தரேன். மழையா இருந்தாலும் சரி, வெயிலா இருந்தாலும் சரி. இல்லன்னா இல்ல.”

“அதுக்குப் பேரு ஜாக்கெட்டுமா” என்றான் மகன்.

“ஜாக்கெட்டு நான் போடறது. உங்கப்பனுக்குக் கோட்டு.”

மகன் போனிலேயே ஒன்று வரவழைத்தான். மார்புக்குச் சரியாக இருந்தது, வயிற்றுக்கு ஜிப் ஏறவில்லை. பெரிய அளவு வந்தது. வயிறு அடங்கியது, கை விரலையும் தாண்டித் தொங்கியது. வயிறும் கையும் ஒரே மனுஷனுக்கு இருக்கும் என்று அந்தக் கம்பெனிக்காரனுக்குத் தெரியாது போல. ரெண்டையும் திருப்பி அனுப்பினோம். பட்டணத்தில் இதற்கென்றே பெரிய கடை இருக்கிறது, அங்கே போய்ப் போட்டுப் பார்த்து வாங்கலாம் என்றான். போனோம்.

கண்ணாடிக் கதவு, ஏ.சி., தலையில்லாத பொம்மைகள் எல்லாம் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கின்றன. கடைக்காரப் பையன் தாடியைத் தடவிக்கொண்டே, “அங்கிள், உங்க ரைடிங் எந்த மாதிரி? டூரிங்கா, சிட்டியா, அட்வெஞ்சரா?” என்றான்.

“பந்தல் பாக்கப் போறதுப்பா.”

அவன் என் மகனைப் பார்த்தான். மகன் தரையைப் பார்த்தான்.

முதலில் வலை மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒன்று காட்டினான். வெயிலுக்கு நல்லதாம். மழைக்கு? மழைக்கு வேறே. அது பிளாஸ்டிக் பை மாதிரி இருந்தது. பனிக்கு? அதுவும் வேறே, மெத்தை மாதிரி. “ஏம்பா, காலையில வெயிலு, மத்தியானம் மழை, ராத்திரி பனின்னா நான் மூணையும் தூக்கிக்கினு அலையணுமா?” என்றேன். அப்போதுதான் பெருமையாக உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்தான். ஆல் வெதராம். எல்லாக் காலத்துக்கும் ஒன்றே. மேலே அதே ஓட்டை வலை. உள்ளே ஜிப் வைத்து மாட்டுகிற மழைத் துணி. அதற்கும் உள்ளே குளிருக்கு இன்னொன்று. தோளிலும் கை முட்டியிலும் முதுகிலும் கெட்டித் திண்டு.

“மழை வந்தா?”

“வண்டியை ஓரங்கட்டிட்டு, ஜாக்கெட்டைக் கழட்டி, லைனரை உள்ளே ஜிப் பண்ணி, திருப்பிப் போட்டுக்கணும் அங்கிள்.”

“அதுக்குள்ள மழையே நின்னுடும்பா. பந்தலும் வாலாஜாபாத் போய்ச் சேர்ந்துடும்.”

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. துணியை நான் எப்போதும் வாயால் சொல்வதைக் கேட்டு வாங்கியதில்லை. எந்தத் தார்ப்பாயாக இருந்தாலும் நாலு பேர் நாலு மூலையைப் பிடிக்க, நடுவில் பள்ளமாக்கித் தண்ணீர் ஊற்றுவோம். கீழே இருந்து விரலால் தொட்டுப் பார்ப்போம். விரலில் ஈரம் பட்டால் அந்தத் துணி வேண்டாம். மொத்த வியாபாரியே என்னிடம் வாளியோடுதான் வருவான். அந்தப் பழக்கத்தில், கோட்டின் முதுகை மேஜை மேல் குழியாக வைத்து, மகன் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கிக் கவிழ்த்தேன்.

மேல் துணியில் இறங்கி, உள் துணியில் வழிந்து, கைப்பக்கமாகப் புகுந்து, மேஜை, தரை, என் செருப்பு எல்லாம் தண்ணீர்.

“அங்கிள்! இன்னா அங்கிள் இது!”

“ஒழுவுதே.”

“லைனர் சரியா மாட்டலை அங்கிள், சும்மா வெச்சிருந்தது!”

“நைனா, வா, போலாம்” என்று மகன் பல்லைக் கடித்தான். நனைத்த பொருளை வைத்துவிட்டு வர அவனுக்கு வெட்கம். அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். வீடு வரும்வரை என்னோடு பேசவில்லை. நான் பேசினேன். ஓட்டைத் துணியை வெளியில் வைத்து, ஓட்டையில்லாத துணியை உள்ளே வைத்துத் தைக்கிறவன் வீட்டுக்குக் கூரையை எங்கே போடுவான் என்று கேட்டேன். அந்தக் கோட்டை பீரோவில் ஒரு மூலையில் திணித்துவிட்டேன்.

நாமே தைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது. பெரிய காஞ்சிபுரத்தில் வண்டி சீட்டுக்கு ரெக்சின் தைக்கிற பாய் ஒருத்தர் இருக்கிறார். அவர் அப்பா காலத்திலிருந்து எங்கள் தார்ப்பாய்க் கிழிசலும் அவர்கள் மிஷினில்தான். குடோனில் இருந்ததிலேயே நல்ல தார்ப்பாய் ஒன்றை, நீலத்தில், வெட்டி எடுத்துக்கொண்டு போனேன்.

“இதுல கோட்டாண்ணா?” என்றார் பாய். “பொண்ணு வீட்டுக்காரங்க பாத்தா மறுபடியும் மாப்பிள்ளை பாக்க வந்துடுவாங்களே.”

“கிண்டல் பண்ணாம அளவெடு பாய்.”

“எடுக்கறேன். வேர்க்கும், பரவால்லையா?”

“வேர்வைக்குப் பயந்தவன் பந்தல் போட முடியுமா?”

“அதுவும் சரிதான்” என்று அவரும் உற்சாகமாகிவிட்டார். சீட்டுக்கு வைக்கிற ஸ்பாஞ்சைத் தோளுக்கும் முழங்கைக்கும் வெட்டி வைத்தார். ஜிப் மழையில் துருப்பிடிக்கும் என்று நான் சொன்னேன். அதனால் முன்பக்கம் பந்தல் துணிக்கு அடிக்கிற பித்தளை ரிங்கை வரிசையாக அடித்து, நைலான் கயிறு கோத்துக் கட்டுகிற மாதிரி செய்தோம். இடுப்பிலும் ஒரு கயிறு, இறுக்கிக்கொள்ள. தையல் மேல் பசை தடவினோம். கடையிலேயே குழியாக்கித் தண்ணீர் ஊற்றினோம். ஒரு சொட்டு இறங்கவில்லை. “மாஷா அல்லா” என்றார் பாய். பட்டணத்துத் தாடிக்காரனைக் கூட்டிவந்து காட்ட வேண்டும் போல இருந்தது.

வீட்டுக்காரி சுற்றி வந்து பார்த்தாள். திண்டை அமுக்கிப் பார்த்தாள். “லாரி மூடற துணி மாதிரி இருக்குது. இருந்துட்டுப் போவுது” என்று சாவியைக் கொடுத்தாள்.

மறுநாள் வாலாஜாபாத்தில் ஒரு அரிசி ஆலை முதலாளி வீட்டு விசேஷத்துக்கு இடம் பார்க்கப் போனேன். போகும்போது வெயில். பாதி வழியிலேயே உள்ளே கொதித்தது. இட்லிக் குண்டானுக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி. பனியனைப் பிழிந்தால் ஒரு சொம்பு வரும். மழை வரட்டும், அப்போது தெரியும் இதன் அருமை என்று பொறுத்துக்கொண்டேன். திரும்பும்போது வந்தது. நல்ல மழை, எதிர்க்காத்து. வெளியிலிருந்து ஒரு சொட்டு உள்ளே வரவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் வேக்காடு தாங்காமல் கழுத்துக் கயிற்றைத் தளர்த்தியிருந்தேன். காத்து அந்த வழியாக உள்ளே புகுந்தது. இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்ததால் வெளியே போக வழியில்லை.

கை ரெண்டும் உப்பியது. முதுகு உப்பியது. எதிரில் வந்த ஒரு லாரி விட்ட காத்து என்னையும் வண்டியையும் சேர்த்து ரோட்டை விட்டு ஓரத்துக்குத் தள்ளியது. சேற்றில் காலை ஊன்றி நின்றேன். விழவில்லை. எதிர் டீக்கடையில் ஒருத்தன், “டேய், பலூன் மாமாவைப் பாருங்கடா!” என்று கத்தினான்.

காத்து வெளியே போக வழி விடாமல் பந்தல் கட்டாதே. என்னிடம் வேலைக்கு வருகிற ஒவ்வொருத்தனுக்கும் முதல் நாள் நான் சொல்கிற பாடம் இதுதான். மேல் ஓரத்தில் ஒரு முழம் திறந்து விடு, இல்லையென்றால் பந்தல் பறக்கும். அந்தக் கடைக்காரன் வெளியில் ஓட்டைத் துணியை எதற்கு வைத்தான் என்பது சேற்றில் நிற்கும்போதுதான் மண்டையில் ஏறியது. மழைத் துணியை உள்ளே வைத்தது இன்னமும் மடத்தனம் என்றுதான் சொல்வேன். ஆனால் ஓட்டைக்கு ஒரு கணக்கு இருந்தது.

எனக்குப் பின்னால் மினி லாரியில் வந்துகொண்டிருந்த என் மேஸ்திரி எல்லாவற்றையும் பார்த்துவிட்டான். நான் வீடு போய்ச் சேருவதற்குள் போன் போய்ச் சேர்ந்திருந்தது. வீட்டுக்காரி வாசலிலேயே கை நீட்டிக்கொண்டு நின்றாள். சாவியை வைத்தேன். கோட்டைக் கழற்றினேன். “நனையாத கோட்டுன்னியே, இது இன்னா, கிணத்துல குதிச்சியா?” என்றாள். நீலக் கோட்டை மறுநாள் ஜெனரேட்டருக்குப் போர்த்திவிட்டார்கள்.

அடுத்த வாரமே பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தல். மத்தியானம் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவும்போது தெற்கே வானம் கறுத்தது. எங்கள் வாசல் வேப்பமரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது. எனக்கு உள்ளங்கால் அரித்தது.

“சாவி குடு.”

“கடைக் கோட்டு போடு. உள்துணி மாட்டி, முழுசா. என் கண்ணு முன்னால.”

பீரோவிலிருந்து எடுத்தேன். உள் துணியின் ஜிப் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. கயிறு இழுத்து இழுத்துத் தடித்த விரல், அந்தத் துளியூண்டு ஜிப்பைப் பிடிக்கவே முடியவில்லை. அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு கையைத் தலைகீழாக மாட்டிவிட்டாள். பிரித்து மறுபடியும் மாட்டினோம். வெளியே காத்து தகரத்தைத் தட்டுகிறது. மேஸ்திரி போன் அடிக்கிறது. எடுக்கக் கை காலியில்லை. “நீ இழு,” “நீ புடி,” “கிழிச்சுடாதே.” கல்யாணத்தன்றுகூட நாங்கள் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் இவ்வளவு தொட்டுக்கொண்டதில்லை. கடைசியில் கழுத்துவரை ஏற்றி, மணிக்கட்டுப் பட்டையை ஒட்டி, முதுகில் ஒரு தட்டுத் தட்டிச் சாவியைக் கொடுத்தாள்.

ஓட்டினேன். மழை அடித்தது. உப்பவில்லை. வேர்த்தது, ஆனால் வேகவில்லை. திண்டு தோளில் கனமாக, யாரோ பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. பழுது சொல்ல ஒன்று வேண்டுமே என்று தேடிக்கொண்டே போனேன். கழுத்து வழியாக ஒரு கோடு தண்ணீர் இறங்கியது. அதுதான் கிடைத்தது.

பந்தல் வாசலில் மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருத்தர் வழி மறித்தார். “டெலிவரியா? பின்பக்கமாப் போய்க் குடுப்பா.”

“இது என் பந்தல்!”

அவருக்குக் கேட்கவில்லை. நான் உள்ளே பாய்ந்து மேலே பார்த்தேன். துணி ஒரு இடத்தில்கூடத் தொங்கவில்லை. தண்ணீர் ஓரமாக வழிந்து கால்வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. மேற்குக் கயிறு அளவாகத் தளர்ந்திருந்தது. நான் இருந்தாலும் அதைத்தான் தளர்த்தியிருப்பேன், அவ்வளவேதான் தளர்த்தியிருப்பேன்.

மேஸ்திரி நனைந்த லுங்கியோடு வந்தான். “போன் பண்ணேன் மொதலாளி, நீ எடுக்கலை. சின்ன மொதலாளிக்குப் பண்ணேன். மேற்கால விடுன்னாரு.”

“வீட்டுக்காரி ஜிப்பு மாட்டிக்கினு இருந்தாடா. அவன் வந்து பாத்தானா?”

“எங்க? மெட்ராஸ்ல இருக்காராம். பந்தலாண்ட இருக்கற வேப்பமரம் எந்தப் பக்கம் சாயுதுன்னு கேட்டாரு. சொன்னேன்.”

மரத்தைப் பார் என்பது என் மகனுக்கு நான் சொல்லித் தந்தது. அந்தப் பயல் போனில் விளையாடிக்கொண்டு இருந்தான் என்று அப்போது நினைத்திருந்தேன். நியாயமாகப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பந்தல் முழுக்க நடந்தேன். ஒரு முடிச்சாவது தப்பாக இருக்காதா என்று பார்த்தேன். சமையல் பக்கம் ஒரு கட்டை கொஞ்சம் சாய்ந்திருந்தது. அதற்கு மேஸ்திரியை ஊருக்கே கேட்கிற மாதிரி திட்டினேன். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கட்டையை நிமிர்த்தினான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கோட்டுக்குள் கையை விட்டுச் சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். உலர்ந்திருந்தது.

“நனையலியே. அப்புறம் எதுக்கு மூஞ்சை இப்படி வெச்சிக்கினு இருக்கே?”

கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. அவள் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. அதோடு அந்தச் சண்டை முடிந்தது. வண்டி என்னிடம்தான் இருக்கிறது, யாரும் பிடுங்க முடியாது.

சாயங்காலம் மேஸ்திரிக்குப் போன் போட்டேன். “நாளைக்கு வாலாஜாபாத் வேலை. முதல் குழி தோண்டறதுக்குள்ள நான் அங்க இருப்பேன். நான் வராம ஒரு கயிறு கட்டக் கூடாது. மழை வந்தாலும் சரி, வராட்டியும் சரி. புரிஞ்சுதா?”

“வா மொதலாளி” என்றான். “ஜிப்பு போடறதுக்கு அம்மாவையும் கூட்டிக்கினு வந்துடு.”

போனை வைத்துவிட்டு அலாரத்தை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தேன்.