வரி கட்டாத காரும் மோர் மிளகாயும்

பக்கத்து வீட்டு சேவியர் அண்ணன் தன் பழைய அம்பாசிடருக்கு வரி கட்டுவதை நிறுத்திப் பல வருடமாகிறது. அது எங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பதால், வரி கட்டிய என் மாருதி தெருமுனை வெயிலில் காய்கிறது.

இன்று கேட்டேவிட்டேன்.

"ரோட்டுல ஓட்டுனாத்தானப்பு வரி? இது சும்மாதான நிக்குது!" என்றார்.

நானும் விடவில்லை. மல்லுக்கட்டி, பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடச் சம்மதிக்க வைத்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"நமக்கென்ன மாடியா இருக்கு? மோர் மிளகாயை எங்க காயப்போடுறதாம்?"

எட்டிப் பார்த்தேன். அம்பாசிடர் கூரையில் எங்கள் மிளகாய். பானட்டில் எதிர்வீட்டு பாத்திமா அக்காவின் வடகம்.

அதற்குள் மனைவி வாசலுக்குப் போய்விட்டாள்.

"அண்ணே, இவரு கெடக்காரு. வண்டி அங்கனயே நிக்கட்டும்!"

நண்பர்களே, உங்கள் தெருவில் என் மாருதிக்கு இடமிருந்தால் சொல்லுங்கள். வடகம் போடாத தெருவாக இருந்தால் நல்லது.