மூவாயிரம் புத்தம்புது டாங்கிகள்

அந்த டாங்கி என் உள்ளங்கையில் சரியாக உட்காரும். சாம்பல் நிறப் பிளாஸ்டிக். முன்னால் சுவரை இடித்துத் தள்ள அகலமான ஒரு தகடு, அதற்கு மேலே குட்டையாக, பருமனாக ஒரு பீரங்கிக் குழாய். குழாய் நீளமாக இருந்தால் சந்துக்குள் திரும்பும்போது சுவரில் இடிக்குமாம். மாடியிலிருந்து சுடுவார்கள் என்று கூரைக்குத் தடித்த கவசம், பக்கவாட்டிலும் அப்படியே. நகரத்துக்குள் சண்டை போடுவதற்கென்றே கட்டிய கனரக டாங்கி. ஆனால் எந்தப் பட்டாளத்திலும் இப்படி ஒன்று கிடையாது. எதிர்காலத்தில், வேறேதோ கிரகத்தில், இடிந்த நகரமொன்றில் நடக்கும் போரை மேஜைமேல் பரப்பி விளையாடும் வெளிநாட்டுக்காரர்களுக்காக யாரோ யோசித்து வரைந்தது. அதைக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், தகரக் கூரைக்கடியில் வேர்த்து விறுவிறுத்து நாங்கள் செய்தோம்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. அதற்கு முன் எங்கள் கம்பெனி செய்ததெல்லாம் பைக்குக்கு இண்டிகேட்டர் மூடி, மிக்சிக்குக் குமிழ் போன்றவைதான். நான் டிப்ளமா முடித்துத் தரச் சோதனைப் பிரிவில் சேர்ந்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது. வீடு திருவள்ளூரில். தினமும் போய்வர முடியாததால் புதுவாயலில் நான்கு பேரோடு ஓர் அறையில் இருந்தேன். வேலை இன்னும் உறுதியாகவில்லை. வருடம் முடிந்ததும் காகிதம் தருவோம் என்று சொல்லியிருந்தார்கள். அந்தக் காகிதத்தை நம்பி அப்பா என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தார். அதனால் யார் முகத்தையும் சுளிக்க வைக்காமல், எதற்கும் தலையாட்டிக்கொண்டு, நாளைக் கடத்துவதே என் வேலை என்று நினைத்திருந்தேன். இப்போது யோசித்தாலும் அந்தத் தலையாட்டலின் அசதிதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

அச்சிலிருந்து வரும் பிளாஸ்டிக்கின் ஓரங்களில் மெல்லிய பிசிறு நிற்கும். அதைக் கத்தியால் சீவி, அரத்தால் தேய்த்து எடுக்க ஒரு மேஜையில் ஆறு பெண்கள் இருந்தார்கள். அந்த மேஜைக்குப் பொறுப்பாக இருந்தவரை மேனேஜர் உட்பட எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். முப்பத்தைந்து வயதிருக்கும். கத்தி படாமலிருக்க இடது கட்டைவிரலில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை மாட்டியிருப்பார். ஒரு பொருளைக் கையில் எடுத்தால் கண் பார்ப்பதற்கு முன்பே விரல் பார்த்துவிடும். அவர் மேஜையைத் தாண்டி வந்த மூடியில் பிசிறு இருந்ததாக யாரும் புகார் சொன்னதில்லை.

டாங்கி வேலை ஆரம்பித்தபோது, இது எதற்கு என்று அக்கா கேட்டார். அச்சு வந்த பெட்டியிலிருந்த துண்டுக் காகிதத்தைப் படித்து எனக்குத் தெரிந்தவரை விளக்கினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இத்தாம் பெரிய வண்டி எங்க தெருவுல பூந்தா திரும்பவே திரும்பாது சார். ஊட்ட இடிச்சிக்கினுதான் போவணும்” என்றார். அதற்குத்தான் முன்னால் தகடு வைத்திருக்கிறது என்றேன். “அப்ப ஊட்ல கீறவங்க?” என்று கேட்டார். காகிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. மேஜையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்காமல் அடுத்ததை எடுத்துச் சீவ ஆரம்பித்தார்.

அக்கா நான்கு வருடமாக ஒப்பந்தக்காரர் மூலம் வந்துகொண்டிருந்தவர். அந்த வருடம் கம்பெனியிலேயே நிரந்தரமாக்கப் போகிறவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. சம்பளம் கூடுவது ஒருபக்கம் இருக்கட்டும், அவருக்கு வேண்டியிருந்தது ஒப்பந்தத்தில் வருகிறவர்களுக்குத் தராத ஈ.எஸ்.ஐ. மருத்துவ அட்டை. அவர் வீட்டுக்காரர் ஓர் உருக்காலையில் வேலை பார்த்தபோது வலது கை வெந்து, ஆறும்போது விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி மடங்கிப்போயிருந்தன. ஆபரேஷன் செய்தால் விரிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அட்டை இருந்தால் செலவில்லாமல் செய்துகொள்ளலாம். “அவுரு கையால சோறு துன்னு மூணு வருசமாச்சு சார்” என்று ஒருமுறை சாப்பாட்டு நேரத்தில் சாதாரணமாகச் சொன்னார்.

இனி என் பங்குக்கு வருகிறேன். ஒவ்வொரு வேலைக்கும் வாடிக்கையாளர் ஒப்புதல் கொடுத்த மாதிரிப் பொருள் ஒன்று இருக்கும். கை பட்டு அழுக்காகக்கூடாது என்று அதைத் தரச் சோதனை அறையின் அலமாரியில் பூட்டி வைப்பது எங்கள் வழக்கம். ஆக, எதைப் பார்த்துச் செய்ய வேண்டுமோ அதைச் செய்கிறவர்கள் யாரும் பார்த்ததே கிடையாது. இரண்டாம் நாள் காலையில் அக்கா ஒரு டாங்கியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். தகட்டின் விளிம்பு அங்கங்கே பொக்கையாக இருந்தது. பக்கக் கவசத்தில் குழிகள், குழிகளைச் சுற்றிக் கிழிந்ததுபோல் மேடுகள், ஒட்டுப்போட்ட இடத்தில் தடித்த கோடு. “இதெல்லாம் பிசிறா சார், இல்ல இப்டியேதான் வரணுமா?” என்றார். இண்டிகேட்டர் மூடி ஒன்று விரிசல் விட்டதென்று அந்தப் பக்கம் ஒரே ரகளை. அலமாரி பத்தடி தூரம், சாவி என் சட்டைப் பையிலேயே இருந்தது. “பிசிறுதான்க்கா. எல்லாத்தையும் எடுத்துடுங்க, நைசா இருக்கணும்” என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

அக்கா எடுத்தார். மூன்று வாரம், ஆறு பேர், மூவாயிரம் டாங்கி. விளிம்பை நேராக்கி, மேடுகளைச் சீவி, ஒட்டுக்கோட்டைத் தேய்த்து, குழிகூடத் தடவினால் தெரியாத அளவுக்கு வழவழப்பாக்கினார்கள். வழவழப்பே தரம் என்று பழகிய கைகள் அவை, என் கண்ணும் அப்படித்தான் பழகியிருந்தது. அலமாரியைத் திறந்து மாதிரியோடு ஒப்பிடாமலே பெட்டிகளில் நானே முத்திரை குத்தினேன். பார்க்கவும் ரொம்ப அழகாக இருந்தன.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. கூடவே இரண்டு புகைப்படங்கள், அவர்களுடைய மாதிரியும் எங்களுடையதும். பல வருடம் போரில் அடிபட்டு, குண்டு துளைத்து, ஒட்டுப்போட்டு ஓடிக்கொண்டிருக்கும் வண்டி அது. அந்த அடிகளைச் செதுக்கவே ஒரு சிற்பி மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் அனுப்பியது இன்றைக்குத்தான் தொழிற்சாலையைவிட்டு வெளியே வந்ததுபோல் இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அதைப் படித்ததும் கோபம்தான் வந்தது. காசு கொடுத்துப் புதிதாக வாங்குகிறவனுக்கு அது அடிபட்டுக் களைத்ததாக இருக்க வேண்டுமாம். களைத்தவர்கள்தான் வேண்டுமென்றால் எங்கள் ஷிப்டு முடியும்போது வாசலில் வந்து நின்றிருக்கலாம்.

மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. யார் மேலாவது பழியைப் போட்டுச் சென்னை ஆபீசுக்குப் பதில் எழுத வேண்டிய கட்டாயத்தில் இருந்தார். “யார்க்கா எடுக்கச் சொன்னது?” என்று அக்காவைக் கேட்டார். நான் இரண்டு ஆள் தள்ளி நின்றிருந்தேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. “யாரும் சொல்லல சார். பிசிறுன்னு நெனச்சிக்கினு நானாதான் எடுத்துட்டேன்” என்றார். பெட்டிகளில் இருந்த என் முத்திரையைப் பற்றி ஒன்றும் கேட்காமல் மேனேஜர் எல்லோரையும் போகச் சொன்னார். திங்கட்கிழமை முதல் ஒப்பந்தக்காரர் அக்காவின் இடத்துக்கு வேறொரு பெண்ணை அனுப்பினார். பட்டியலில் அக்காவின் பெயர்மேல் கோடு விழுந்தது. வருடம் முடிந்ததும் எனக்குக் காகிதம் கிடைத்தது, அடுத்த தையில் தங்கைக்குக் கல்யாணமும் நடந்தது.

இத்தனை வருடமும் நான் எனக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தேன். நான் சொன்னதை அக்கா மறந்திருப்பார் என்று சில நாள். சின்னப் பையன், பிழைத்துப் போகட்டும் என்று என்னைக் காப்பாற்றினார் என்று சில நாள். இரண்டாவது கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கண்ணில் நீர் வரும் அளவுக்குப் பிடிக்கும். இப்போது வேறொரு கம்பெனியில் தரப் பிரிவுக்கு நான்தான் தலைவர். மாதிரிகளைப் பூட்டி வைக்க விடுவதில்லை, மேஜைமேல்தான் இருக்கும். அதைச் செய்ததற்காகவே என்னை நானே கொஞ்சம் மன்னித்தும் வைத்திருந்தேன்.

போன மாதம் புதுவாயல் கூட்டுரோட்டில் டீ குடிக்க இறங்கியபோது அக்காவைப் பார்த்தேன். துப்புரவுப் பணிக்கான நீலக் கோட்டு, கையில் டிபன் பை, ஷேர் ஆட்டோவுக்காக நின்றிருந்தார். முடி முக்கால்வாசி நரைத்திருந்தது. என்னை அவர்தான் முதலில் அடையாளம் கண்டு, “நல்லா கீறியா சார்?” என்றார். வீட்டுக்காரர் கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “அப்டியேதான் கீது. ரொம்ப வருசமாயிட்டா ஒண்ணும் பண்ண முடியாதுன்ட்டாங்க. இடது கையாலயே பயகிட்டாரு” என்றார். அதற்குமேல் தாங்காமல் எல்லாவற்றையும் கொட்டினேன். நான்தான் எடுக்கச் சொன்னேன், நீங்கள் என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டீர்கள், அதை நான் மறக்கவே இல்லை என்றேன்.

அக்கா பொறுமையாகக் கேட்டார். முகத்தில் கோபம் இல்லை, வேலை முடிந்த அலுப்புதான் இருந்தது. “உனுக்காவ இல்ல சார். நான் உன் பேரச் சொன்னா, நான் சொல்லவே இல்லன்னு நீ சொல்லிடுவ. அப்புறம் வேலயும் பூடும், பொய் சொல்றவன்னு பேரும் வரும். வேல மட்டும் போவட்டும்னு உட்டுட்டேன்” என்றார். ஆட்டோ வந்தது. வரேன் சார் என்று சொல்லி ஏறிக்கொண்டார்.

நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்று மறுக்கத்தான் வாயெடுத்தேன். ஆனால் அன்று மேனேஜர் என் பக்கம் திரும்பினால் சொல்வதற்கு, ‘நான் சொல்லவே இல்ல சார்’ என்ற அதே வார்த்தைகளைத்தான் மனதுக்குள் நாலைந்து முறை சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.