ரேஸ்காரர் பஸ்ஸில் மடுல்சீமைக்கு

பந்தயக் கார் ஓட்டிய ஒருவர், பஸ்ஸை வேகமாக ஓட்டினார் என்பதற்காகச் சொந்தச் சித்தப்பாவை நடுவழியில் இறக்கிவிட்டது சரியா? ஊர் திரும்பி இரண்டு வாரமாகிறது. எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

ஆகஸ்ட் விடுமுறையில் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டங்களைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் திட்டம். கண்டியிலிருந்து ரயிலில் பதுளைக்கு வந்தேன். "ரேஸ்காரர் பஸ்ல போங்க மேடம், பயமில்லாமப் போகலாம்" என்றார் விடுதிக்காரர். ஊருக்கு ஒரு சம்பியன் கதை எங்கும் உண்டு. நான் நம்பவில்லை.

கதை உண்மைதான். அந்த ரேஸ்காரர், சேகரன், பல ஆண்டுகள் மலைப்பாதைப் பந்தயங்களிலும் பந்தயத் தடங்களிலும் கார் ஓட்டியவர். அப்பா பக்கவாதத்தில் விழுந்ததும் குடும்பத்தின் கடையும் நான்கு பஸ்களும் அவர் தலையில் வந்தன. பொறுப்பேற்றதும் ஒரே விதி போட்டார்: எங்கள் பஸ் எதையும் முந்தாது, எதோடும் போட்டி போடாது.

"ரேஸ்ல எல்லாரும் ஒரே பக்கமாத்தான் ஓடுவோம்" என்றார் என்னிடம். "இங்க எதிர்ல வருவாங்களே."

காலை ஏழு மணி பஸ். ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். அன்று சேகரனும் முன் இருக்கையில் வந்தார். ஓட்டியவர் அவருடைய சித்தப்பா. பயணிகளுக்கும் அவர் சித்தப்பாதான்.

"மொதலாளி, ஒங்க வண்டிய விட அட்டப்பூச்சி வேகமா ஊரும்" என்றார் தேயிலைக் கொழுந்தெடுக்கும் ஒரு அம்மா.

"அட்ட யாரையும் பள்ளத்துல தள்ளாது, அக்கா" என்றார் சேகரன்.

பசறை தாண்டியதும் பின்னால் இன்னொரு கம்பெனி பஸ் ஹோர்ன் அடித்தபடி வந்தது. அடுத்த பஸ் தரிப்பிடத்து ஆட்களை முதலில் அள்ளுவதற்கான ஓட்டம் அது.

"சித்தப்பா, விட்டுறாதீங்க!" என்று பயணிகள் கத்தினார்கள்.

சித்தப்பா விடவில்லை. சேகரன் "வேணாம், வேணாம்" என்றது எவருக்கும் கேட்கவில்லை. இரண்டு பஸ்களும் அருகருகே ஒரு வளைவுக்குள் நுழைந்தன. எதிரே கொழுந்து லொறி. பிரேக். என் மூக்குக்கண்ணாடி பறந்தது. பஸ் நின்றபோது என் ஜன்னலுக்குக் கீழே ரோடு இல்லை, தேயிலைச் சரிவுதான் தெரிந்தது. யாருக்கும் அடியில்லை. மற்ற பஸ்ஸும் லொறியில் மோதாமல் நின்றுவிட்டது.

என்னை உலுக்கியது அதுவல்ல. பின்னாலிருந்து ஒருவர், "பரவால்ல, அவன முந்த விடல!" என்றார். பஸ்ஸே சிரித்தது.

சேகரன் எழுந்துபோய் என்ஜினை நிறுத்தி, சாவியை உருவினார்.

"எறங்குங்க சித்தப்பா."

"ஒங்கப்பன் ஒரு நாளும் என்னைய எறங்கச் சொன்னதில்லடா."

"எறங்குங்க."

இறங்கினார். பின்னால் வந்து உட்காரச் சொல்லியும் ஏறவில்லை. ரோட்டோரச் சிறு பாலத்தின் கட்டையில் உட்கார்ந்துகொண்டார். "மொதலாளி, இவரு போனா ஆளுகளும் போயிருவாங்க" என்று நடத்துநர் மெல்லச் சொன்னார். சேகரன் சாரதி இருக்கையில் ஏறினார். அதன்பின் மடுல்சீமைவரை ஒருவரும் அவரிடம் பேசவில்லை. நானும்தான்.

போகிறவர்களுக்கு: தங்குமிடம் குறைவு, முன்பே பேசிவையுங்கள். மேல் பாதை குண்டும் குழியும். மதியத்துக்குப் பிறகு மூடுபனி. குளிருக்கு ஏதாவது கொண்டுபோங்கள். சேகரனின் பஸ் கிடைத்தால் அதில் ஏறுங்கள், தாமதமானாலும். அவர் செய்தது சரியா என்பது வேறு கேள்வி.

மறுநாள் நடந்தது இது. காலையில் அதே பஸ்ஸில் பதுளைக்குத் திரும்பினேன். சேகரன்தான் ஓட்டினார். பாதி வழியில் பின்னால் ஹோர்ன். மற்ற கம்பெனி பஸ். ஓட்டியவர் சித்தப்பா; ஒரே நாளில் அங்கே சேர்ந்திருந்தார். சேகரன் ஓரங்கட்டி வழிவிட்டார். எங்கள் பஸ்ஸிலிருந்தவர்களே சித்தப்பாவுக்குக் கைதட்டினார்கள்.

பசறையில் அந்த பஸ் ஆட்களுக்காக நின்றது. எங்களில் பாதிப்பேர் இறங்கி அதில் ஏறினார்கள். அது கிளம்பும்வரை சேகரன் காத்திருந்தார். எங்கள் நடத்துநர் வாசற்படியில் நின்று, "பதுள, பதுள, பதுள" என்று கூவினார். யாரும் ஏறவில்லை.